பள்ளிக்கூடம் வைத்த மொய் விருந்து

புதுப்பட்டினம் கடைத்தெருவில் விஜயகுமாரியைக் கண்டால் ஆட்கள் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள். கடன் கொடுத்தவளைக் கண்டு ஒதுங்குவது போல அல்ல. கடன் கொடுத்தவளிடமாவது இரண்டு நாள் தவணை கேட்கலாம். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவியிடம் எதைக் கேட்பது? அவள்தான் கேட்பாள்.

பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஆதார் நகல் எடுக்க வந்தவர்கள் உள்ளே அவள் தலை தெரிந்தால் நான்கு கடை தள்ளிப் போய், பக்கத்துக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. போன வருடம் மட்டும் குலுக்கல் சீட்டு இரண்டு தடவை போட்டாகிவிட்டது. பிள்ளைக்கு ஒரு கட்டு என்று கொடுத்தனுப்பிய சீட்டுகளை வெளியில் விற்க வெட்கப்பட்டு, பெற்றவர்களே மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். முதல் பரிசான மிக்சி தலைமையாசிரியரின் மச்சானுக்கு விழுந்தது. அது முழுக்க முழுக்க அதிர்ஷ்டம்தான் என்பதை இன்றுவரை ஒருவரும் நம்பவில்லை. பிறகு பழைய பேப்பர் சேகரித்தார்கள், காலண்டர் விற்றார்கள். கடைசியாக உணவுத் திருவிழா. மீன் விற்கும் கன்னியம்மா அன்றைக்கு வியாபாரத்தை விட்டுவிட்டு நான்கு கிலோ சங்கரா வறுத்து எடுத்து வந்தாள். மழை பிடித்துக்கொண்டது. யாரும் வரவில்லை. தான் வறுத்த மீனைத் தானே காசு கொடுத்து வாங்கிப் பாத்திரத்தில் போட்டு எடுத்துப் போனாள்.

அதிலிருந்து கடை வாசலைத் தாண்டும்போதெல்லாம் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்பாள்: "இன்னா விஜி, இந்த வாட்டி சீட்டா, சோறா? முன்கூட்டியே சொல்லிட்டன்னா ஊரைக் காலி பண்ணிக்கினு போயிடுவேன்."

விஜயகுமாரியின் கணவன் மணி மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தான். சீட்டுக் கட்டைக் கம்பெனி பஸ்ஸில் விற்றுத் தருகிறேன் என்று எடுத்துப் போனவன், மாலையில் அதே கனத்தில் வேறு சீட்டுகளோடு திரும்பி வந்தான்.

"பஸ்ல கீற அத்தினி பேர் கையிலயும் ஒரு கட்டு கீதுடி. திருப்போரூர் ஸ்கூலு, கூடுவாஞ்சேரி ஸ்கூலு, ஒருத்தன் சர்ச்சுக்கு. நான் அவன்ட்ட அஞ்சு வாங்கினேன், அவன் என்ட்ட அஞ்சு வாங்கினான். டிரைவர்தான் பாவம், எல்லாத்துட்டயும் வாங்கினான்."

ஜூன் கடைசியில் கூட்டம் நடந்தது. இருநூற்று நாற்பது பிள்ளைகள் படிக்கும் உதவிபெறும் பள்ளியில் பதினொரு பெற்றோர் வந்திருந்தார்கள். அதில் இரண்டு பேர் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்து மாட்டிக்கொண்டவர்கள். தலைமையாசிரியர் ஆபிரகாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அப்படி வைத்தால் பணம் இல்லை என்று அர்த்தம்.

"கணக்கு டீச்சர் போஸ்ட் நாலு வருஷமா காலி. நிரப்ப அனுமதி வரல. ஜெஸ்ஸிக்கு நம்ம கழகம்தான் சம்பளம் கொடுக்குது. கையில இருக்கறது இந்த மாசத்துக்கு மட்டும்தான். அந்தப் பொண்ணுக்கு வேற இடத்துல ரெண்டு மடங்கு தர்றேன்றாங்க. நம்ம பிள்ளைங்களுக்காகத்தான் இருக்குது. எத்தனை நாளைக்கு இருக்கும்?"

விஜயகுமாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மகள் அனு இந்த வருடம் பத்தாம் வகுப்பு. எட்டாவதில் கணக்கில் பதினொரு மதிப்பெண் வாங்கி, விடைத்தாளை அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்தவள். ஜெஸ்ஸி வந்த பிறகு அறுபத்தெட்டுக்கு வந்திருந்தாள். ஜெஸ்ஸி திருக்கழுக்குன்றம் பக்கத்துக் காலனியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருபவள். அவள் வீட்டில் நாற்று நடப் போகாத முதல் ஆள். தெரியாத பிள்ளையைத் தெரியாதவள் என்று சொல்லாமல், எந்த வரியில் தடம் மாறினாள் என்று மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் காட்டுவாள். அந்தப் புள்ளிகளுக்காகவே அனு கணக்கு நோட்டைத் திறந்தாள். மார்ச் வரைக்கும் ஜெஸ்ஸியை நிறுத்தி வைக்க வேண்டும். விஜயகுமாரிக்கு அந்த வருடத்தில் அது ஒன்றுதான் வேலை.

"சார், ஒண்ணு சொல்றேன்," என்றாள். "இந்த வருஷம் யாரும் எதையும் விக்க வேணாம், சமைக்க வேணாம், வேலைக்கு லீவு போட வேணாம். ஒரே ஒரு தடவை கேப்போம். அதோட விட்டுடுவோம். ஜனங்க களைச்சுப் போயிட்டாங்க சார். என்னைப் பாத்தா ஓடறாங்க."

"சரிம்மா. அந்த ஒரு தடவை என்னன்னு கேப்போம்?"

பின்வரிசையில் கலைவாணன் எழுந்தார். பேராவூரணிப் பக்கத்துக்காரர். கல்பாக்கம் குடியிருப்பில் குடிநீர்க் குழாய் ஒப்பந்த வேலை. மகள் எட்டாவது படித்தாள்.

"எங்க ஊருப் பக்கம் ஆடி மாசம் மொய் விருந்து வைப்பாங்க சார். கறிச்சோறு போட்டு, வந்தவங்க எழுதுற மொய்ய வச்சு ஒருத்தர் வீடு கட்டுவாரு, ஒருத்தர் போர் போடுவாரு. பாடெல்லாம் சமையக்காரனோட போச்சு. நமக்குச் சாப்பிடுற வேலை மட்டும்தான். ஆடியில மண்டபமும் சும்மா கெடக்கும், பாதி வாடகைக்குத் தருவாங்க."

"அப்புறம் திருப்பி எழுதணுமே அண்ணே?" என்றாள் விஜயகுமாரி.

"ஆளுக்கு ஆளுன்னா எழுதித்தான் ஆகணும். பள்ளிக்கூடத்துக்கிட்டப் போயி எவன் திருப்பிக் கேப்பான் தங்கச்சி?"

பதினொரு பேரும் சிரித்தார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள்.

நன்கொடை விருந்து என்று போடலாமா என்று ஆபிரகாம் கேட்டார். அந்த வார்த்தையைப் பார்த்தாலே கார்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள் என்று விஜயகுமாரி மறுத்தாள். அவளே கடை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கல்யாணப் பத்திரிகைக்குப் போடும் மாவிலை பார்டரை எடுத்து வைத்து, நடுவில் பெரிதாக 'மொய் விருந்து' என்று அடித்தாள். கீழே 'தங்கள் வரவை அன்புடன் எதிர்நோக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகம்'. மஞ்சள் அட்டையில் இருநூற்று ஐம்பது பிரதி.

ஆடி மூன்றாம் ஞாயிறு. அப்படி ஒரு கூட்டத்தை அவள் எதிர்பார்க்கவே இல்லை. எதிர்ப்பக்கம் போனவர்கள் எல்லோரும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மண்டப வாசலில் சந்தனம், கல்கண்டு. உள்ளே ஆட்டுக்கறியும் சோறும். மீனவர் குடியிருப்பிலிருந்து ஒரு டெம்போ நிறைய ஆட்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஜெஸ்ஸியையே மொய் எழுத உட்கார வைத்திருந்தார்கள். ஊர், பெயர், தொகை என்று கோடு போட்டு, அச்சடித்த மாதிரி எழுதினாள். கலைவாணன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயரையும் மைக்கில் வாசித்தார். கூட்டம் குறைந்த நேரத்தில் ஜெஸ்ஸி தன் பெயரையும் ஒரு வரியில் எழுதி, பர்ஸிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து வைத்தாள்.

"நீ ஏன்மா?" என்றாள் விஜயகுமாரி.

"எல்லாரும் எழுதறாங்க. நான் மட்டும் சும்மா சாப்பிட்டுப் போனா நல்லாவா இருக்கும் அக்கா?"

கன்னியம்மா சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து இரண்டாயிரம் வைத்தாள். மழையில் விலைபோகாத மீனுக்காக ஒரு வருடம் திட்டித் தீர்த்தவள். விஜயகுமாரி அந்த நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினாள்.

"அக்கா, இவ்ளோ எதுக்கு?"

"இருக்கட்டும் விஜி. ஏம்மா டீச்சரு, பேரைத் தெளிவா எழுது. கன்னியம்மான்னு மூணு பேரு கீறாளுங்க எங்க தெருவுல. மீன்கார கன்னியம்மான்னு போடு."

சமையல், மண்டபம் எல்லாம் போக மார்ச் வரைக்கும் ஜெஸ்ஸிக்குச் சம்பளம் கொடுத்து மேலே மிச்சமும் இருந்தது. ஆபிரகாம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே பேசினார். வீட்டுக்கு வந்த விஜயகுமாரி, ஜனங்கள் கொடுக்க மாட்டாதவர்கள் இல்லை, கேட்கிற விதத்தில் கேட்டால் கொடுக்கிறார்கள் என்று மணியிடம் சொன்னாள். அவன் தூங்கிவிட்டிருந்தான்.

ஆவணி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை கன்னியம்மா கடைக்கு வந்தாள். கூடை இல்லை. கையில் தாம்பூலத் தட்டு. வெற்றிலை, பாக்கு, தேங்காய், மேலே ஒரு பத்திரிகை.

"சின்னவளுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தறோம். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழம. உன்னியத் தனியா கூப்பிடுவேன், அது வேற. இது ஸ்கூலுக்கு."

"ஸ்கூலுக்கா?"

"பின்ன? ஸ்கூலு சார்பா வரணும் இல்ல? ரெண்டாயிரம் எழுதிகீறேன். நீங்க அதுக்கு மேல ஒரு நூறு வெச்சி எழுதுனா போதும், ஜாஸ்தியெல்லாம் வேணாம்."

அவள் போன பிறகும் தட்டு மெஷின்மேல் இருந்தது. விஜயகுமாரி கலைவாணனுக்கு போன் செய்தாள். அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அவங்க கேட்டது முறைதான் தங்கச்சி."

"நீங்கதானே அண்ணே யார் கேப்பான்னு சொன்னீங்க?"

"சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு எங்க ஊர்ல யாரும் வச்சதில்ல. அதான் தெரியல."

ஆபிரகாமிடம் போனாள். ஒரு சுற்றறிக்கை அனுப்பி விஷயத்தை முடித்துவிடலாம் என்றார் அவர். ஆடியில் பெறப்பட்டது நன்கொடையே, திரும்பத் தரத்தக்கது அல்ல என்று இரண்டே வரி. விஜயகுமாரிதான் பிரதி எடுத்தாள். மறுநாள் காலை இறைவணக்கம் முடிவதற்குள் பள்ளி வாசலில் முப்பது பேர். முன்னால் கன்னியம்மா, கையில் சுற்றறிக்கை.

"இன்னா சார் இது? நன்கொடையா? நன்கொடைன்னா நான் அம்பது ரூபா குடுத்திருப்பேன். மொய்யின்னு கார்டு வந்துச்சு, அதான் வட்டிக்கு வாங்கினு வந்து வெச்சேன். சின்னவ சடங்குக்கு ஆவும்னு வெச்சேன். துன்னுட்டு இல்லைன்னா இன்னா அர்த்தம்?"

"அம்மா, இது பள்ளிக்கூடம்..."

"அதான் சார் நம்புனோம். மனுசன்னா செத்துப் பூடுவான், ஊர வுட்டு ஓடிப் பூடுவான். ஸ்கூலு எங்க ஓடும்?"

பின்னால் யாரோ, பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுங்கள், வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்கிறோம் என்று குரல் கொடுத்தார். அந்த ஒரு சொல்லுக்கு ஆபிரகாமின் கை மூக்குக்கண்ணாடிக்குப் போயிற்று. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் அரசாங்கம் சம்பளம் கொடுக்கும் ஆசிரியர் இடங்களும் குறையும். பத்துப் பிள்ளைகள் போனால் ஒரு ஆசிரியர் போவார்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் விஜயகுமாரியிடம் மெதுவாகச் சொன்னார்: "எழுதிடும்மா. எல்லாரும் உடனே வைக்க மாட்டாங்க. அஞ்சாறு விசேஷம் வரும், சமாளிக்கலாம்."

விஜயகுமாரி தலையாட்டினாள். வாசலில் கேட்டது காதிலேயே நின்றது. தான் கேட்ட விதத்துக்காக அவர்கள் கொடுக்கவில்லை. திரும்பி வரும் என்பதற்காகக் கொடுத்தார்கள். இவ்வளவு நாள் கேட்டதெல்லாம் திரும்பி வராத பணம். அதற்குத்தான் தெருவின் அந்தப் பக்கம் போனார்கள்.

கன்னியம்மா வீட்டு விசேஷத்தில் பள்ளியின் பெயரை மைக்கில் வாசித்தார்கள். இரண்டாயிரத்து நூறு. பந்தலில் உட்கார்ந்திருந்த மற்றப் பெற்றோர் காதில் அது நன்றாக விழுந்தது. பள்ளிக்கூடம் ஒழுங்காகத் திருப்பி எழுதுகிறது என்பது இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. பள்ளிக்கு அதுவரை கிடைக்காத நல்ல பெயர்.

அதன் பிறகு காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா, திருப்போரூர்க் கோயிலில் கல்யாணம், கடலோர வேளாங்கண்ணி மாதா கெபியில் வேண்டுதல் சாப்பாடு. சிலர் அடுத்த வருடம் வைக்க வேண்டியதை இந்த வருடமே வைத்தார்கள். பள்ளியில் பணம் தீர்ந்து போவதற்குள் வைத்துவிட வேண்டும் என்ற அவசரம். ஆறு மாதக் குழந்தைக்கு அழ அழக் காது குத்தினார்கள். கட்டி முடிக்காத, கதவு வைக்காத வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் விஜயகுமாரிக்கு மூன்று பத்திரிகை. ஆபிரகாமுக்கு முட்டிவலி. கலைவாணன் ஒப்பந்தம் முடிந்து நெய்வேலிப் பக்கம் போய்விட்டார். மொய் எழுதி, இலையில் பாதி சாப்பிட்டு, அடுத்த பஸ் பிடித்து, அடுத்த மண்டபத்தில் மறுபடியும் கையலம்பி உட்கார வேண்டும். சாப்பிடாமல் வந்தால் அதுவும் குற்றம்.

"மூஞ்சி வீங்கிக்கினு கீது உனக்கு," என்றான் மணி. "தினம் பிரியாணி. வூட்ல நானும் பொண்ணும் ரசம் சோறு."

"நீ வேணா போய்ட்டு வாயேன்."

"எனக்கு பஸ்லயே நாலு பத்திரிகை கீது."

இப்போது யாரும் எதிர்ப்பக்கம் போவதில்லை. அவளைத் தேடிக்கொண்டு வந்தார்கள். தூரத்தில் மஞ்சள் கவர் பிடித்த கை தெரிந்தால் விஜயகுமாரிதான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டாள். ஒருநாள் ஷட்டருக்குக் கீழே தெரிந்த கால்கள் கால் மணி நேரம் நகரவே இல்லை. கடைசியில் பத்திரிகை மட்டும் தரையோடு சரிந்து உள்ளே வந்தது.

ஐப்பசியில் ஜெஸ்ஸிக்குப் பாதிச் சம்பளம். கார்த்திகையில் ஒன்றும் இல்லை. விஜயகுமாரி கழுத்துச் செயினை அடகு வைத்து ஒரு மாதத்தைச் சரிக்கட்டினாள். மார்கழியில் விசேஷம் வராது, மூச்சு விடலாம் என்று இருந்தாள். தை பிறந்ததும் எல்லாம் சேர்த்து வந்தது.

ஜனவரி கடைசியில் ஒரு மாலை ஜெஸ்ஸி கடைக்கு வந்தாள். பி.எட். சான்றிதழ், அனுபவச் சான்றிதழ் இரண்டையும் ஐந்து பிரதி கேட்டாள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பையிலிருந்து பத்திரிகையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். செங்கல்பட்டில் ஒரு தேவாலயம், பிப்ரவரி முதல் வாரம். மாப்பிள்ளைக்கு ஒரகடத்தில் வேலை.

"தவக்காலம் வந்துட்டா வைக்க முடியாதுக்கா. அதான் அவசரம்."

"கல்யாணத்துக்கு அப்புறம் வருவதானே? பரீட்சை வரைக்கும்?"

ஜெஸ்ஸி வெளியே வந்து விழும் தாள்களை அடுக்கினாள்.

"கூடுவாஞ்சேரியில ஒரு டியூஷன் சென்டர்ல கேட்டிருக்காங்க. பத்தாம் தேதியே வரச் சொல்றாங்க. நான் இருந்திருப்பேன்க்கா. மாப்பிள்ளை வீட்ல, மூணு மாசமா ஒழுங்கா சம்பளம் இல்லாம எதுக்குப் போறன்னு கேக்கறாங்க. என்ன சொல்றது?"

ஜெராக்ஸ் காசை விஜயகுமாரி வாங்கவில்லை.

"அனுகிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்றாள் ஜெஸ்ஸி. "என்னால முடியல. டிரிக்னாமெட்ரி பாதியில நிக்குது. நோட்ல புள்ளி வச்சிருக்கேன், அதைப் பாத்துப் போட்டுக்கச் சொல்லுங்க." படி இறங்கியவள் திரும்பினாள். "அப்புறம், ஸ்கூல் சார்பா மொய் அது இதுன்னு எதுவும் வேணாம்க்கா. சத்தியமா நான் அதுக்காக எழுதல. நீங்க வந்தா போதும்."

வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். அவள் பெயர் நோட்டில் இருந்தது, அவள் கையெழுத்திலேயே. வரிசையாக எல்லோருக்கும் எழுதிவிட்டு, யாருக்காக அந்த விருந்தை வைத்தார்களோ அவளுக்கு மட்டும் எழுதாமல் விடுவதா? விஜயகுமாரி ஆபிரகாமின் அறைக்குப் போனாள். அவர் பீரோவைத் திறந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். உள்ளே அறுநூற்று இருபது ரூபாய் இருந்தது.

"இதான் இருக்கு. போய்ட்டு வாம்மா." மூக்குக்கண்ணாடி மேசைமேல் இருந்தது. பக்கத்தில் ஒரு துண்டுத்தாள். "வரும்போது இதைக் கொஞ்சம் அடிச்சுக் கொண்டு வந்துடு. அடுத்த மாசம் கரண்ட் பில் கட்டணும்."

குலுக்கல் சீட்டு. முதல் பரிசு, மின்விசிறி.

செங்கல்பட்டில் தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்துக்கு அனுவையும் கூட்டிக்கொண்டு போனாள். ஜெஸ்ஸி போவதை அவளிடம் இரண்டு நாள் முன்னால் சொல்லியிருந்தாள். அனு கேட்டுக்கொண்டு, கணக்கு நோட்டை மூடி அலமாரியில் வைத்தாள். அதன் பிறகு எடுக்கவில்லை.

மேடையில் ஜெஸ்ஸி வெள்ளைச் சேலையில் நின்றாள். இவர்களைக் கண்டதும் கை தூக்கினாள். புகைப்படக்காரர் அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பிவிட்டார். மொய் மேசையில் ஒரு பெரியவர் பேனாவை உதறிக்கொண்டிருந்தார். புதுப்பட்டினத்துப் பெற்றோர் பதினைந்து பேராவது வரிசையில் இருந்தார்கள். கன்னியம்மாவும் வந்திருந்தாள்.

"ஊரு?"

"புதுப்பட்டினம்."

"பேரு?"

பள்ளியின் பெயரைச் சொன்னாள். பெரியவருக்குச் சரியாகக் கேட்கவில்லை, திரும்பக் கேட்டார். உரக்கச் சொன்னாள்.

"எவ்ளோ?"

"அறுநூறு."

மைக்கில் வாசித்தார்கள். கன்னியம்மா கேட்டுவிட்டுத் தலையசைத்தாள். "ஐந்நூறுக்கு அறுநூறு. கரெக்டா செய்துகினு கீறீங்க விஜி. எங்க தெருவுல இன்னும் நாலு பேர்து பாக்கி கீது, சித்திரையில வெக்கிறாளுங்க. மறந்துடாத."

விஜயகுமாரி கவரை மடித்துப் பையில் வைத்தாள். உள்ளே இருபது ரூபாய்.

"அம்மா," என்றாள் அனு. "திங்கட்கிழமையில இருந்து கணக்கு கிளாஸ்ல யார் வருவாங்க?"

கீழே பந்தி போட்டுவிட்டார்கள். படிக்கட்டில் ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"வா," என்றாள் விஜயகுமாரி. "இடம் போயிடும்."